கால்வாய் கட்டிய பட்டறை, கால்வாய் கரைத்த தொழில்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்குத் தெற்கே சில்ட்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ரிட்ஜ் சாலையோரம் கூழாங்கல்லால் எழுப்பிய மூன்று கட்டடங்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. ஒன்று 1834-இல் கட்டிய தேவாலயம். இன்னொன்று அதன் பக்கத்து வீடு. மூன்றாவது 1849-இல் கட்டிய பள்ளிக்கூடம். 1960-இல் தொடங்கிய கூழாங்கல் சங்கம் இவற்றைக் காப்பாற்றி அருங்காட்சியகம் ஆக்கியது. 1993-இல் அமெரிக்க அரசு இவற்றைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. வழிபட்ட இடமும் வாழ்ந்த இடமும் படித்த இடமும் தப்பிவிட்டன; இரும்படித்துப் பிழைத்த இடம் அந்த மூன்றில் இல்லை. அந்த வட்டாரத்தில் கடை, களஞ்சியம், இறைச்சிக்குப் புகை போடும் அறை, கொல்லுப்பட்டறை என வேலை நடந்த கட்டடங்களும் அதே கல்லில் எழுந்தன. அவற்றுள் கொல்லுப்பட்டறைகள் பெரும்பாலும் மண்ணோடு போய்விட்டன. ஏன் போயின என்று கேட்டால் உடனே கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: கார் வந்தது, குதிரை போனது, கொல்லரும் போனார். இந்தப் பதில் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுச் சொல்வது. பட்டறையைக் கல்லில் கட்டும் அளவுக்கு ஊரை உயர்த்தியது ஈரி கால்வாய். அந்தக் கால்வாய் கொண்டுவந்த பொருளாதாரம்தான் பட்டறை கட்டிய நாளிலிருந்தே அதன் வேலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டும் போனது. கார் வந்து சேர்ந்தபோது அங்கே மிச்சமிருந்தது தொழிலின் ஒரு பங்குதான். கிடைக்கும் சான்றுகள் இதைத்தான் சொல்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கல். ஒரு கையால் பிடித்துத் தூக்க முடிகிற உருண்டைக் கல்லையே அங்கே கூழாங்கல் என்று கணக்கில் எடுத்தார்கள். பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாளங்கள் பாறைகளைப் பெயர்த்து, உருட்டி, தேய்த்துக் கொண்டுவந்து, உருகிப் பின்வாங்கியபோது இந்த நிலத்தில் விட்டுச் சென்றன. உருகிய நீர் தேங்கி, இன்றைய ஒன்டாரியோவைவிடப் பெரிய ஏரி ஒன்று அங்கே கிடந்தது. நிலவியலாளர்கள் அதை இரோக்வா ஏரி என்கிறார்கள். அதன் பழைய கரைமேட்டின் மீதுதான் ரிட்ஜ் சாலை ஓடுகிறது. செனகா மக்களிடமிருந்து உடன்படிக்கைகளின் வழியே கைமாறிய இந்த நிலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை வெட்டி உழ வந்த குடியேறிகளுக்குக் கூழாங்கல் தீராத தொல்லை. கொழுவை மழுக்கியது, உடைத்தது. குளிரில் மண் உறைந்து இளகும்போதெல்லாம் புதிதாகக் கற்கள் மேலே வந்தன. பொறுக்கி வேலியோரம் குவிப்பது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலையானது. ஏறத்தாழ 1825 முதல் 1860 வரை, ஒரு தலைமுறைக் காலம், இந்தக் குவியல்கள் சுவர்களாக மாறின. அமெரிக்காவிலுள்ள கூழாங்கல் கட்டடங்களில் பத்தில் ஒன்பது பங்கு ராச்செஸ்டர் நகரைச் சுற்றி 75 மைல் வட்டத்துக்குள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கூழாங்கல் உலகில் எத்தனையோ இடங்களில் கிடக்கிறது. அது இந்த வட்டத்தில், இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மட்டும் இவ்வளவு கட்டடங்களாக ஆனதற்குக் கல்லை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

காரணம் கால்வாய். 1817 ஜூலை 4 அன்று ரோம் என்ற ஊரில் வெட்டத் தொடங்கி, 1825 அக்டோபரில் முடிந்தது ஈரி கால்வாய். பஃபலோவிலிருந்து ஹட்சன் ஆறு வரை 363 மைல். அதற்கு முன் பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் சரக்கை வண்டியில் அனுப்ப ஏறத்தாழ 100 டாலர் ஆனது. கால்வாய் வந்தபின் 10 டாலர் அளவுக்குக் குறைந்தது. ஜெனசி பள்ளத்தாக்கின் கோதுமை கடற்கரைச் சந்தையை எட்டியது. 1820-இல் சுமார் 1,500 பேர் இருந்த ராச்செஸ்டரில் 1830-இல் 9,207 பேர். மாவு அரைப்பதில் நாட்டின் தலைநகராக அது வளர்ந்தது. கூழாங்கல் கட்டடங்களைப் பற்றி அங்கே வழங்கும் கதை வேறு. கால்வாயின் மதகுகளைக் கட்டிய கொத்தனார்கள் 1825-க்குப் பின் வேலையின்றி நின்றார்கள், அவர்களே இந்தக் கலையைத் தொடங்கினார்கள் என்கிறது அந்தக் கதை. கேட்க அழகாக இருக்கிறது; காலக்கணக்குதான் ஒத்துவரவில்லை. இந்தக் கட்டடங்களின் உச்சக்காலம் 1830-களும் 1840-களும். 1836-லிருந்து கால்வாயை அகலப்படுத்தும் பெருவேலை தொடங்கிவிட்டதால் கொத்தனார்களுக்கு அங்கேயே வேலை இருந்தது. கால்வாயில் பழகிய கை சில சுவர்களிலாவது பட்டிருக்கும் என்பதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் கால்வாய் கொடுத்தவற்றில் பெரியது, விவசாயி கையில் புழங்கிய காசு. மரக்கட்டை அடுக்கிய குடிசையில் இருந்தவர் கல்வீடு கட்ட நினைத்தது கோதுமை விற்ற பணத்தால்தான். அவருக்குக் கலப்பையும் வண்டியும் செப்பனிட்டுத் தந்த கொல்லர், தம் பட்டறையையும் கல்லில் கட்டலாம் என்று துணிந்தது அதே பணத்தின் சுற்றில்தான்.

கூழாங்கல் சுவர் எப்படி எழுகிறது என்று பார்த்தால் அந்தத் துணிவின் அளவு புரியும். சுவரின் தடிமன் ஒன்றரை அடிக்கு மேல். உள்பக்கம் கரடுமுரடான கல்லும் சாந்தும். வெளிமுகத்தில்தான் கூழாங்கல் வரிசை. பலகையில் துளை போட்டோ இரும்பு வளையத்தில் நுழைத்தோ கற்களை ஒரே அளவாகப் பிரித்தார்கள். நீளவாட்டுக் கல்லின் முனை மட்டும் வெளியே தெரியும்படி, உடல் சுவருக்குள் போகும்படி பதித்தார்கள். இரு வரிசைகளுக்கு இடையிலுள்ள சாந்தைக் கரணையால் கூராக இழுத்து, நேர்கோடாக ஓடவிட்டார்கள். சாந்து சுட்ட சுண்ணாம்பும் மணலும் கலந்தது, மெதுவாகத்தான் இறுகும். ஆகவே ஒரு நாளில் சில வரிசைகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றினால் கீழ் வரிசை பிதுங்கிவிடும். மூலைகளுக்கு மெடினா ஊரின் செம்மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ செதுக்கி வைத்தார்கள். ராச்செஸ்டரில் 1831-இல் தொடங்கிய ஜெனசி ஃபார்மர் போன்ற விவசாய இதழ்கள் இந்த முறையைப் பரப்பின. இப்போது ஒரு மறுப்பு எழலாம். உலை எரியும் இடம், பொறி பறக்கும் இடம். மரப்பட்டறை தீப்பிடிக்கும், அதனால் கல்லில் கட்டினார்கள். இதில் துணிவு எங்கே வந்தது? தீயைப் பற்றிய அச்சம் உண்மையானதுதான். ஆனால் தீயைத் தடுக்க எந்தக் கல்லும் போதும். கையில் கிடைத்ததைத் தாறுமாறாக அடுக்கிச் சாந்து அப்பிய சுவரும் தீயைத் தாங்கும். கற்களை அளவு பார்த்துப் பிரித்து, வரிசை பிசகாமல் பதித்து, சாந்துக்கோட்டைக் கூர்தீட்டியதற்குத் தீ காரணமாகாது. இந்தத் தொழில் பிள்ளை காலத்திலும் பேரன் காலத்திலும் நடக்கும் என்று நம்பியவர்தான் அந்தக் கூலியைக் கொடுப்பார். அந்த நம்பிக்கை எதன்மேல் நின்றது, எப்படிச் சரிந்தது என்பதே நமக்குக் கேள்வி.

அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் பட்டறையின் வேலைப்பட்டியல். 1820-களில் ஊர்க் கொல்லர் செய்யாத இரும்பு வேலை அநேகமாக இல்லை. கோடரி, மண்வெட்டி, கொக்கி, கீல், சங்கிலி, கொழு, லாடம் எல்லாம் அவர் பட்டடையில் உருவானவை. காடு திருத்திய முதல் தலைமுறையில் இழுவைக்குக் குதிரையைவிட எருதுகளே மிகுதி. பிளவுபட்ட குளம்பு என்பதால் எருதின் ஒரு காலுக்கு இரண்டு லாடம், நான்கு காலுக்கு எட்டு. குதிரைபோல் அது மூன்று காலில் நின்று ஒரு காலைத் தூக்கிக் கொடுக்காது. மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, வயிற்றுக்கடியில் தோல்வார் கொடுத்துத் தூக்கித்தான் அடிக்க வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டுவது எல்லாவற்றிலும் நுணுக்கமான வேலை. தச்சர் குடமும் ஆரக்காலும் வட்டையும் சேர்த்துக் கொடுத்த சக்கரத்தின் சுற்றளவைக் கொல்லர் அளப்பார். இரும்புப் பட்டையை அதைவிடச் சற்றுக் குறைவாக வளைத்து முனைகளை உலையில் ஒட்டுவார். பிறகு பட்டறைக்கு வெளியே வட்டமாகத் தீ மூட்டி அதைச் சூடேற்றுவார்கள். சூட்டில் விரிந்த பட்டாவைக் குறடுகளால் தூக்கி வந்து சக்கரத்தின்மேல் இறக்கி அடித்து, மரம் கருகுவதற்குள் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது தளர்ந்திருந்த மூட்டெல்லாம் நெருக்கி இறுகும். சுற்றளவு சிறிது பிசகினாலும் பட்டா கழன்றுவிடும், அல்லது ஆரக்கால் வளைந்துவிடும். அக்காலக் கொல்லர்களின் நாட்கணக்கேடுகளைப் பார்த்தால் இத்தனை வேலைக்கும் கூலி பெரும்பாலும் ரொக்கமாக வரவில்லை என்பது தெரிகிறது. கோதுமை, விறகு, பாலாடைக்கட்டி, ஆள்வேலை என்று வரவு வைத்து, ஆண்டுக்கொருமுறை கணக்குத் தீர்த்தார்கள். ஊரில் எல்லோரும் அந்த ஏட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். கொல்லரை விட்டால் வழியில்லை என்ற நிலையே பட்டறையின் உண்மையான அஸ்திவாரம்.

அந்த நிலை பட்டறை கல்லாக மாறுவதற்கு முன்பே விரிசல் விடத் தொடங்கியிருந்தது. ஆணி முதலில் போனது. இரும்புத் தகட்டை வெட்டி ஆணி செய்யும் இயந்திரங்கள் 1790-களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டன. கால்வாய் திறந்த காலத்தில் ஆணி கடையில் எடை போட்டு வாங்கும் பொருள். அடுத்து கலப்பை. இதே வட்டாரத்தின் கிழக்கு ஓரத்தில், கயூகா மாவட்டத்து ஸ்கிப்பியோவில் வாழ்ந்த ஜெத்ரோ வுட் 1819-இல் ஒரு கலப்பைக்குக் காப்புரிமை பெற்றார். வார்ப்பிரும்பால் ஆன அதன் பாகங்களைத் தனித்தனியே கழற்றி மாட்டலாம். தேய்ந்த கொழுவை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். இந்தச் சிறு மாற்றம் கொல்லருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இரும்பின் குணமே விளக்கும். அடித்து உருவாக்கிய இரும்புக் கொழு மழுங்கினால் உலையில் காய்ச்சி, தட்டி, கூர் ஏற்றலாம். தேய்ந்தால் புது இரும்பை ஒட்டலாம். உழவர் ஒவ்வொரு பருவத்திலும் பட்டறைக்கு வந்தது அதற்காகத்தான். வார்ப்பிரும்பில் கரிமம் மிகுதி; சம்மட்டி பட்டால் நீளாது, உடையும். உலையில் வைத்து ஒட்டவும் முடியாது. ஆகவே வார்ப்பிரும்புக் கொழு உடைந்தால் அதைக் கொல்லரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. கடைக்குப் போய் வேறொன்று வாங்க வேண்டியதுதான். பட்டறைக்கு வந்துகொண்டிருந்த பாதையே கடைப்பக்கம் திரும்பிவிட்டது. அந்தக் கடைக்கு வார்ப்பிரும்புப் பாகங்களை மலிவாகக் கொண்டுவந்து சேர்த்தது கால்வாய்ப் படகு.

கால்வாய்க் கரையிலேயே அடுத்த இழப்பு உருவானது. ராச்செஸ்டருக்கு மேற்கே, கால்வாயோரம் உள்ள பிராக்போர்ட்டில், சீமோர் மோர்கன் கூட்டுநிறுவனம் 1846 அறுவடைக்காக மெக்கார்மிக் என்பவரின் கதிர் அறுக்கும் இயந்திரங்களைச் செய்துகொடுத்தது. அரிவாளையும் கதிர்க்கத்தியையும் கூர்படுத்தியவரின் வேலை அதே வட்டாரத்துத் தொழிற்சாலைக்குப் போனது. கால்வாயின் கிழக்குக் கோடியில் ட்ராய் நகரில் ஹென்றி பர்டன் லாடம் செய்யும் இயந்திரத்துக்கு 1835-இல் முதல் காப்புரிமை பெற்றார். 1857-இல் அவர் மேம்படுத்திய இயந்திரம் நிமிடத்துக்கு 60 லாடம் அடித்துத் தள்ளியது. உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையின் குதிரைகளுக்கு அவர் ஆலையிலிருந்து லாடம் போனது. நல்ல கொல்லர் ஒருவர் ஒரு லாடம் உருவாக்கி முடிக்கும் நேரத்தில் அந்த இயந்திரம் நூற்றுக்கணக்கில் முடித்துவிடும். உலையில் எரிந்ததும்கூட மாறிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியாவின் பிளாஸ்பர்க் நிலக்கரி 1840-இல் ரயிலில் கார்னிங் என்ற ஊருக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்களின் வழியே இந்தப் பக்கம் இறங்கியது. அக்கம்பக்கத்துக் காட்டின் கரியை நம்பியிருந்த உலை, தொலைதூரச் சுரங்கத்தையும் படகுக் கூலியையும் நம்பத் தொடங்கியது. இவற்றை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் உண்மை தெளிவாகத் தெரியும்: 1819, 1835, 1840, 1846, 1857. முதல் ஆண்டைத் தவிர, கூழாங்கல் சுவர்கள் எழுந்ததும் இதே காலத்தில்தான். கொத்தனார் வெளியே வரிசை வரிசையாகக் கல் ஏற்றிக்கொண்டிருந்தபோதே, சுவருக்குள் நடக்கவேண்டிய வேலை ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தொழிற்சாலைப் பொருள் வந்ததும் கொல்லர் மறையவில்லையே? இயந்திரம் வந்தால் உடைசலும் வரும். கதிர் அறுக்கும் இயந்திரத்தின் தண்டு வளைந்தால் அதை நிமிர்த்த ஊர்ப்பட்டறை வேண்டும். குதிரையின் எண்ணிக்கையும் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க ஏறிக்கொண்டே போனது. 1915-ஐ ஒட்டி அமெரிக்கப் பண்ணைகளில் மட்டும் இரண்டு கோடிக்கு மேல் குதிரைகள் இருந்தன. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறெட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மறுபடி அடிக்க வேண்டும். அப்படியானால் தொழில் பெருகியது என்றல்லவா சொல்ல வேண்டும்? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் என்ன வேலை பெருகியது என்று கேட்க வேண்டும். பெட்டியில் வந்த ஆலை லாடத்தைக் குளம்புக்கேற்பத் திருத்தி அடிப்பதும், ஆலையில் செய்த இயந்திரத்தின் உடைந்த பாகத்தைச் செப்பனிடுவதும் திறமை தேவைப்படும் வேலைகளே. அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். எனினும் பொருளை உருவாக்கியவர் அதைப் பொருத்துபவராகவும் பழுதுபார்ப்பவராகவும் மாறினார். விலையை நிர்ணயித்த கை மாறியது. கோதுமைக்கும் விறகுக்கும் கணக்கு வைத்த ஏட்டின் இடத்தை ஆலைக்கு ரொக்கம் கட்டும் அவசியம் பிடித்தது. மறுப்பாளர் விளக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. குதிரைகள் பெருகிய அந்த அரை நூற்றாண்டில் புதிய கூழாங்கல் பட்டறைகள் ஏன் எழவில்லை? கூழாங்கல் கட்டுமானமே 1860-க்குப் பின் நின்றுபோனது என்பது பதிலின் ஒரு பாதி: போரில் ஆட்கள் போனார்கள், கூலி ஏறியது, செங்கல்லும் அறுத்த மரமும் மலிந்தன, 1850-களில் கோதுமையைப் பூச்சி அழித்ததால் உழவர்கள் பழத்தோட்டத்துக்கும் பால்மாட்டுக்கும் திரும்பினார்கள். மறுபாதி, பழுதுபார்க்கும் தொழிலுக்கு மரக்கொட்டகை போதும் என்பது. சில்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இன்று பார்வைக்கு இருக்கும் கொல்லுப்பட்டறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அது கூழாங்கல் கட்டடம் அன்று. தலைமுறைகளைத் தாண்டி நினைத்த சுவர் ஒரு காலத்தின் நம்பிக்கை. அந்தக் காலம் குதிரைக்கு முன்பே முடிந்துவிட்டது.

மோட்டார் வந்தது இதற்குப் பிறகு. ஃபோர்டின் மாடல் டி 1908-இல் வெளிவந்தது. 1920-இல் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் டிராக்டர்கள். 1945-இல் சுமார் 24 லட்சம். இந்தக் கால் நூற்றாண்டில் கடைசி வேலையும் போனது. இருந்தும் தொழில் போனால் கட்டடமும் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழிபாட்டுக்கு ஆள் குறைந்த தேவாலயங்களும், மாணவர் போன பள்ளிகளும் நிற்கின்றனவே. பட்டறை விழுந்ததற்கு அதன் உடலமைப்பிலேயே காரணங்கள் உள்ளன. அது பெரும்பாலும் நாற்சந்தியில், வண்டி நேரே உள்ளே வரும்படி சாலையை ஒட்டி நின்றது. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் இடிபடுவது அத்தகைய கட்டடமே. வண்டி நுழையும் அகலவாசல் இருந்ததால் முன்சுவரில் கல் குறைவு, பலமும் குறைவு. அதைக் கார் நிறுத்துமிடமாக மாற்ற வாசலை இன்னும் அகலப்படுத்தினால் நிலைமை மோசமாகும். சிறு கற்களும் சாந்தும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் சுவரில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் பக்கத்து வரிசைகள் சரியும். கூரை ஒழுகி நீர் இறங்கினால் சுண்ணாம்புச் சாந்து கரையும். குளிர்காலத்தில் உறைந்து விரியும். அதைச் சரிசெய்ய நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசினால் கேடு கூடும்: சுண்ணாம்பைவிடக் கடினமான சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும், பனியில் வெளிமுகக் கற்கள் உதிரும். வீட்டில் மனிதர் குடியிருந்ததால் ஒழுகிய அன்றே கூரையில் ஏறினார்கள். பூட்டிக் கிடந்த பட்டறைமேல் ஏற யாருக்கும் அவசரம் இல்லை.

ஆவணங்களிலும் பட்டறை ஓர் இடுக்கில் விழுந்துவிட்டது. இதுதான் அதன் வரலாறு எழுதப்படாமல் போனதற்கு முதன்மைக் காரணம். நியூயார்க் மாநிலம் 1855-இல் எடுத்த கணக்கெடுப்பு ஒவ்வொரு வீட்டையும் எந்தப் பொருளால் கட்டியது, என்ன மதிப்பு என்று கேட்டு எழுதியது. கூழாங்கல் வீடுகளைத் தேடுவோருக்கு அது பொக்கிஷம். ஆனால் அந்தக் கேள்வி குடியிருப்புக்கு மட்டும். பட்டறையின் சுவர் எதனால் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. 1850-இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில் தொழில்களுக்கென்றே தனி அட்டவணை இருந்தது. முதலீடு எவ்வளவு, எத்தனை டன் இரும்பும் நிலக்கரியும் வாங்கினார், எத்தனை ஆள், ஆண்டு உற்பத்தி எவ்வளவு என்று அது கேட்டது. கொல்லரின் உள்வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. ஆனால் ஆண்டுக்கு 500 டாலருக்குக் குறைவாக உற்பத்தி செய்தவர்கள் அதில் இடம்பெறவில்லை. ஒரு கணக்கெடுப்பு சுவரைப் பார்த்தது, தொழிலைப் பார்க்கவில்லை. இன்னொன்று தொழிலைப் பார்த்தது, சிறியவரை விட்டுவிட்டது. பின்னால் வந்த ஆய்வாளர்களும் நின்ற கட்டடங்களிலிருந்தே தொடங்கினார்கள். கார்ல் ஷ்மிட் 1944-இல் வெளியிட்ட கூழாங்கல் கட்டடக்கலை நூலும் 1966-இல் விரிவாக எழுதிய நூலும் இந்தத் துறைக்கே வழிகாட்டிகள். அவருடைய உழைப்பு இல்லாவிட்டால் இன்று காப்பாற்றப்பட்டவற்றில் பல காணாமல் போயிருக்கும். ஆயினும் கண்ணெதிரே நிற்பதை அளந்து வரைவது அந்த முறை. 1944-க்குள் விழுந்துவிட்டதை அதனால் அளக்க முடியாது.

சான்றே இல்லாத ஒன்றுக்கு எப்படி வரலாறு எழுதுவது என்று இங்கே ஒருவர் கேட்கலாம். சான்று இருக்கிறது, ஓரிடத்தில் இல்லை, அவ்வளவுதான். 1850-களில் அச்சிட்ட மாவட்டச் சுவர் வரைபடங்களும், 1870-களில் பீர்ஸ் பதிப்பகத்தார் வெளியிட்ட மாவட்ட வரைபடத் தொகுதிகளும் ஒவ்வொரு கட்டடத்தையும் ஒரு புள்ளியாகக் குறித்து உரிமையாளர் பெயரை எழுதின. கொல்லுப்பட்டறைக்கு இரண்டு மூன்று எழுத்தில் சுருக்கக் குறி உண்டு. இரு காலத்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எந்த நாற்சந்தியில் பட்டறை நிலைத்தது, எங்கே பெயர் மாறியது, எங்கே புள்ளியே மறைந்தது என்று காணலாம். சற்றே பெரிய ஊர்களுக்குச் சான்போர்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக வரைந்த தாள்கள் இருக்கின்றன. அவற்றில் நிறமே கட்டுமானப் பொருளைச் சொல்லும்: மரத்துக்கு மஞ்சள், செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு, கல்லுக்கு நீலம். கொல்லுப்பட்டறை என்று குறித்த கட்டம் நீலமாக இருந்தால் அந்த ஒரு தாளே பல கேள்விகளுக்கு விடை. நிலப்பத்திரம், உயில், கொல்லரின் கணக்கேடு, உள்ளூர்ச் செய்தித்தாளின் விற்பனை விளம்பரம் ஆகியவை மீதியை நிரப்பும். எல்லாவற்றையும்விட நம்பகமானது மண். பழுத்த இரும்பின் மேற்புறம் காற்றுபட்டுச் செதிலாகி, ஒவ்வொரு சம்மட்டி அடியிலும் மெல்லிய துகளாக உதிரும். இரு துண்டுகளை உலைச்சூட்டில் வைத்து ஒட்டும்போது தெறிக்கும் துளிகள் குண்டுமணியிலும் சிறிய உருண்டைகளாக உறையும். காந்தம் வைத்து இவற்றை மண்ணிலிருந்து பிரிக்கலாம். துகள் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அதன் நடுவில் பட்டடை இருந்தது. உருண்டைகள் இருந்தால் அங்கே ஒட்டுவேலை நடந்தது; அது புதிதாகப் பொருள் உருவாக்கியதன் அடையாளமாக இருக்கலாம். உருவாக்கிய காலத்துக்கும் வெறுமனே பொருத்திய காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை மண்ணின் அடுக்குகள் காட்டக்கூடும். இந்தக் கட்டுரையின் வாதத்தைச் சோதித்துப் பார்க்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. வாதம் தவறென்றால் அதையும் அந்த மண்ணே சொல்லிவிடும்.

கடைசி மறுப்பு மதிப்பைப் பற்றியது. அழகான வீடுகளும் தேவாலயங்களும் தப்பின. பயன் தீர்ந்த ஒரு பட்டறை போனதில் என்ன இழப்பு? காலம் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டது என்று விட்டுவிடலாமே? காலம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. குடியிருப்பவர் இருந்த கட்டடத்துக்குக் கூரை கிடைத்தது, சாலையிலிருந்து தள்ளி நின்றதற்கு ஆயுள் கிடைத்தது. தகுதி பார்த்து நடந்த தேர்வு அன்று இது. ஆனால் அதன் விளைவாக நம் கண்ணுக்குக் கிடைப்பது கோணலான ஒரு சித்திரம். தப்பியவற்றை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வட்டாரம் கோதுமையில் செழித்து, நல்ல வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இறைவனை வணங்கிய மக்களின் நாடாக மட்டும் தெரியும். அந்தச் செழிப்புக்கு அடியில் ஒரு கைத்தொழில் படிப்படியாகத் தன் வேலைகளை இழந்தது தெரியாது. வீட்டுக்காரருக்கு வரமாக வந்த கால்வாய், அதே சந்தியில் இருந்த கொல்லருக்குப் பாதி வரமாகவும் பாதி இழப்பாகவும் வந்தது தெரியாது. ஒரு மாற்றத்தின் முழுக்கணக்கையும் பார்க்க வேண்டுமென்றால், அதில் வென்றவரின் சுவரோடு, வெல்வோம் என்று நம்பிச் சுவர் எழுப்பியவரின் அடித்தளத்தையும் தோண்டிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, மறைந்த கூழாங்கல் கொல்லுப்பட்டறையின் வரலாற்றை ஏக்கப் பாட்டாகப் பாடுவது அதற்குச் செய்யும் நீதி ஆகாது. ஏக்கம் எல்லாப் பழியையும் காரின்மேல் போட்டுவிட்டு, அதற்கு முன் எல்லாம் நன்றாக இருந்தது என்று நம்பவைக்கும். சான்றுகள் காட்டுவது வேறு: தொழில் ஒன்று ஒரே அடியில் விழாமல், முதலில் ஆணி, பிறகு கொழு, பிறகு அரிவாள், பிறகு லாடம் என்று கூறு கூறாகக் கைமாறுகிறது, ஒவ்வொரு கூறு போகும்போதும் மிச்சம் போதும் என்று தோன்றுகிறது, வருமானம் இருக்கும்வரை இழப்பு கணக்கில் தெரிவதில்லை. 1835-இல் கல்சுவர் எழுப்பிய கொல்லர் முட்டாள் அல்லர். தம் ஊரின் செழிப்பைக் கண்டு, அது தம் தொழிலுக்கும் நீடிக்கும் என்று நம்பினார். அந்தச் செழிப்பு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் போட்டியும் வரும் என்பதை அவர் நின்ற இடத்திலிருந்து காண்பது கடினம். நம்மால் காண முடிகிறது, ஏனென்றால் ஆண்டுகளை அடுக்கிப் பார்க்கும் வசதி நமக்கு இருக்கிறது. அந்த வசதியைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை தெளிவானது: பழைய வரைபடங்களில் பட்டறை என்று குறித்த ஒவ்வொரு சந்தியையும் பட்டியலிடுவது, சாலைவேலையோ புதுக்கட்டடமோ அந்த மண்ணைப் புரட்டுவதற்கு முன் காந்தமும் சல்லடையும் கொண்டு சோதிப்பது, வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் வைத்த பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் அந்த ஊரின் கொல்லர் இரும்படித்த இடத்துக்கும் ஒரு பலகை நடுவது. கோதுமை விளைவித்தவரின் வீட்டைக் காத்த நாடு, அவர் கலப்பையைக் கூர்படுத்தியவரின் இடத்தை அடையாளம் காட்டவும் கடன்பட்டிருக்கிறது.